கழுத்து மெழுகுக்கு எத்தனை டாலர்?

கிராஃப்ட் பீர் பாட்டிலுக்கு விலை பார்க்காத அன்பர்களுக்கு,



சான் ஹோசேயில் ஒரு சனிக்கிழமை இரவு. சமையலறை மேடையைச் சுற்றி ஆறு பேர். நடுவில், கழுத்துவரை சிவப்பு மெழுகில் முக்கியெடுத்த கறுப்பு பாட்டில். ஓப்பனர் மெழுகில் வழுக்குகிறது. வீட்டுக்காரர் காய் நறுக்கும் கத்தியை எடுத்து மாம்பழத் தோல் சீவுவதுபோல் சீவுகிறார். மெழுகுத் துணுக்கு உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று ஒருவர் செல்போனில் டார்ச் அடிக்கிறார். ஐந்து நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு மூடி கழன்றது. 650 மில்லி, ஆறு டம்ளர்; ஆளுக்கு 108 மில்லி, முதல் டிகாக்‌ஷன் நிறத்தில். ஒரு வாய் உள்ளே போனதும் ஒருவர் கேட்டார்: "எவ்வளவு ஆச்சு?"

"நாப்பத்தஞ்சு."

"ஓ!"

ருசி பற்றிய பேச்சு அந்த 'ஓ'வோடு முடிந்தது. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் மட்டும் காலி பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, "கருப்பட்டிப் பாகு அடிப்பிடிச்ச மாதிரி இருக்கேப்பா" என்றார். அன்றிரவு அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே விமர்சனம் அதுதான்.

அன்பர்களே, அந்த ஆறு பேரில் ஒருவராகவோ பலராகவோ நீங்கள் இருக்கக்கூடும். கலிபோர்னியாவிலும் சிகாகோவிலும் பிரஸ்ஸல்ஸிலும் ஆலை வாசலில் விடியற்காலையில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருபவர்கள் நீங்கள். குடிப்பது சரியா தப்பா என்பது வேறு வழக்கு. அதற்கு இங்கே தீர்ப்பு இல்லை. கொடுக்கும் காசுக்குச் சரக்கு பெறுமா என்பது மட்டுமே பேச்சு. காலத்துக்குக் காசு கொடுங்கள், அது நியாயம். கண்ணாடிக்கும் கூட்டத்துக்கும் கொடுப்பதைக் கொஞ்சம் யோசியுங்கள் என்பது இந்த மடலின் கட்சி. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் 22 அவுன்ஸ் பாட்டில். அமெரிக்கக் கடைகளில் அதற்குப் 'பாம்பர்' என்று பட்டப்பெயர். நம் அளவில் 650 மில்லி, அதாவது டாஸ்மாக் கடையில் கிடைக்கும் பெரிய பீர் பாட்டிலின் அதே கொள்ளளவு. ஒரு ஆலை, ஒரே பேல் ஏல் பீரை இரண்டு விதமாக அடைத்து விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 355 மில்லி பாட்டில் ஆறு சேர்ந்த சிக்ஸ் பேக் 12 டாலர். பக்கத்து அலமாரியில் பாம்பர் 9 டாலர். பார்வைக்கு பாம்பர்தான் மலிவு. லிட்டர் கணக்கில் பாருங்கள்: சிக்ஸ் பேக் 2,130 மில்லி, லிட்டருக்கு 5 டாலர் 63 சென்ட். பாம்பர், லிட்டருக்கு 13 டாலர் 85 சென்ட். பாம்பர் விலைவாசியில் அந்த சிக்ஸ் பேக்கை விற்றால் 29 டாலருக்கு மேல் போகும். அட்டையில் அப்படி ஒரு விலையை ஒட்டியிருந்தால் கடைக்காரரின் சட்டையைப் பிடித்திருப்பீர்கள். ஒற்றை பாட்டிலில் 9 என்று ஒட்டியபோது, தடவிப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டுக்கொண்டீர்கள்.

இதற்கு ஆலைக்காரர் தரப்பில் பதில்கள் உண்டு. வரி என்பார்கள். அமெரிக்க மத்திய அரசின் கலால் சிறு ஆலைகளுக்கு முதல் 60,000 பீப்பாய் வரை பீப்பாய்க்கு மூன்றரை டாலர். ஒரு பீப்பாய் ஏறக்குறைய 117 லிட்டர், 180 பாம்பர். பாட்டிலுக்கு 2 சென்டுகூட வரவில்லை. மாநில வரி தனி என்றாலும் அது சிக்ஸ் பேக்குக்கும் உண்டு. இடைத்தரகு என்பார்கள். அது உண்மை. 1933-ல் மதுவிலக்கு விலகிய பிறகு அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஆலை, மொத்த வியாபாரி, கடை என்று மூன்று படி வைத்தார்கள். விற்கும் விலையில் நாலில் ஒரு பங்கை மொத்த வியாபாரியும், அதேபோல் இன்னொரு பங்கைக் கடைக்காரரும் எடுத்தால், ஆலையில் 5 டாலருக்குப் புறப்பட்ட பாட்டில் அலமாரியில் 9 டாலரைத் தொட்டுவிடும். ஆனால் அதே இரண்டு பேரும்தானே சிக்ஸ் பேக்கையும் சுமக்கிறார்கள்? கழித்துப் பார்த்தால், இரண்டு லிட்டருக்கு மேல் கொண்ட சிக்ஸ் பேக்குக்கு ஆலை கைக்கு வருவது 6 டாலர் 75. அரை லிட்டரைச் சற்றே தாண்டும் பாம்பருக்கு 5.

மிச்சமிருக்கும் பதில் ஒன்றுதான், அதில் நியாயமும் இருந்தது. புதிதாகத் தொடங்கும் ஆலைக்குச் சிறு பாட்டில் அடைத்து அட்டையில் கோக்கும் இயந்திரம் வாங்க முதல் கிடையாது. நாலு பேர் நின்று கையால் நிரப்பி, கையால் மூடி, கையால் லேபிள் ஒட்டினார்கள். பெரிய பாட்டில் என்றால் எண்ணிக்கை குறைவு, வேலை குறைவு. அந்தக் கைகளுக்கு ஒரு டாலர் கூடக் கொடுப்பதில் தவறில்லை. இயந்திரம் வாங்கிப் பத்து வருடம் ஆன ஆலையும் அதே விலையை வைத்தபோதுதான் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையானது.

பாம்பரின் காலம் ஓய்ந்துவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். 2010களின் நடுவில் அலமாரியை 16 அவுன்ஸ் கேன்கள் பிடித்துக்கொண்டன. வெர்மான்ட் மாநிலத்து வாட்டர்பரியில் 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலின் வெள்ளம் 'தி அல்கமிஸ்ட்' ஆலைக்காரர்களின் பப்பை மூழ்கடித்தது. சில நாட்களிலேயே ஊரின் வேறொரு பக்கத்தில் அவர்களின் 'ஹெடி டாப்பர்' கேன்கள் ஓடத் தொடங்கின. அதைத் தேடி ஜனங்கள் மாநிலம் விட்டு மாநிலம் கார் ஓட்டினார்கள். ஆக, பாட்டில்தான் போனது, விலை போகவில்லை. நாலு கேன் கட்டு 18 டாலர் என்றால் லிட்டருக்கு ஒன்பதரை டாலர். 'இதில் ஹாப்ஸ் அள்ளிக் கொட்டியிருக்கிறோம்' என்கிறார்கள். கொட்டுகிறார்கள்தான். பீப்பாய்க்கு 5 பவுண்டு, பவுண்டு 15 டாலர் என்று தாராளமாகவே போட்டாலும், ஒரு பீப்பாயில் 248 கேன் வரும். கேனுக்கு 30 சென்ட். ஈரமான ஹாப்ஸ் உறிஞ்சிக்கொண்டு போகும் பீரையும் சேருங்கள், 40 சென்ட் என்றே வைப்போம். கட்டுக்கு 1 டாலர் 60 சென்டுக்கு அதிகமாக ஹாப்ஸின் தலையில் பழி போட முடியாது.

இனி அந்த மெழுகு பாட்டில். உள்ளே இருப்பது போர்பன் பீப்பாயில் கிடந்த ஸ்டவுட். போர்பன் விஸ்கி ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்து உள்பக்கம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு முறை பயன்படுத்திய பீப்பாயை மறுபடி போர்பனுக்கு வைக்க முடியாது. அப்படி வெளியே வருவதைப் பீர் ஆலைகள் வாங்குகின்றன. ஒரு பீப்பாய்க்கு 150 டாலர் கொடுத்ததாக வையுங்கள். கொள்ளளவு 200 லிட்டர். மரம் குடித்தது, காற்றோடு போனது கழித்து 180 லிட்டர் கைக்கு வந்தால் 277 பாட்டில். பாட்டிலுக்கு 54 சென்ட். இவ்வளவு கெட்டியான பீருக்குச் சாதாரண பீரைப்போல இரண்டு மடங்கு மால்ட் வேண்டும். ஓராண்டு வரை கிடங்கு வாடகை, முடங்கிய முதல், சில பீப்பாய்கள் கெட்டுப்போகும் அபாயம் எல்லாம் உண்டு. ஆகவே சாதாரண பாட்டிலைவிட இரண்டு மடங்கு விலை சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். 45 சொன்னால், பாதிக்கு மேல் நீங்கள் வாங்கியது வரிசையில் உங்களுக்குக் கிடைத்த இடம்.

சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை இந்த வகைக்கு முன்னோடி. அதன் 'போர்பன் கவுன்டி' ஸ்டவுட் ஆண்டுக்கொரு முறை நன்றி நவிலல் பண்டிகைக்கு மறுநாள் கடைக்கு வரும். ஆலையை 2011-ல் 3 கோடியே 88 லட்சம் டாலருக்கு ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் வாங்கிவிட்டது. அதன் பிறகு அதைக் கிராஃப்ட் என்பதா கூடாதா என்ற சண்டையை உங்களிடமே விட்டுவிடலாம். 2015 சரக்கில் ஒரு பகுதிக்குள் லாக்டோபசிலஸ் வகைக் கிருமி புகுந்து பீர் புளித்தது. 2016 தொடக்கத்தில் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தது. அடுத்த சரக்கிலிருந்து பாஸ்டரைஸ் செய்யத் தொடங்கியது. பெரிய நிறுவனம் செய்ததானாலும் கௌரவமான காரியம். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது வேறு. புளிப்பு தெரிந்தது திறந்து குடித்தவர்களுக்குத்தான். 'பத்து வருடம் கழித்துத் திறப்போம்' என்று பூட்டி வைத்தவர்களின் அலமாரியில் அதே கிருமி அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு திட்டிய பிறகு, எங்கே காசு கொடுக்கலாம் என்றும் சொல்ல வேண்டும்.

பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1900-ல் தொடங்கிய கான்டிலான் ஆலை இருக்கிறது. லாம்பிக் என்ற புளிப்பு பீருக்குப் பேர்போன இடம். கோதுமையும் மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, கூரைக்கு அடியில் இருக்கும் அகலமான, ஆழமில்லாத செப்புத் தொட்டிக்கு ஏற்றி, இரவு முழுக்கத் திறந்தே விடுகிறார்கள். ஈஸ்ட் என்று எதையும் யாரும் போடுவதில்லை. இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் வாங்குகிறோம்? பானையில் இறங்கும் பதநீர் சுண்ணாம்பு இல்லாவிட்டால் தானே கள்ளாகிறதே, அப்படித்தான். காற்றிலும் மரத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் இறங்கி வேலையைத் தொடங்கும். இதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். அதனால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சுவது. அந்த இரவுகள் குறைந்துகொண்டே வருவதாக அவர்களே சொல்லி வருகிறார்கள். சிலந்தி வலையைக்கூட அங்கே கலைப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும்.

பிறகு மரப்பீப்பாய். ஒரு வருடத்து லாம்பிக், இரண்டு வருடத்தது, மூன்று வருடத்தது என்று தனித்தனியே ருசி பார்த்துக் கலந்தால் 'கூஸ்' என்ற பீர் (சிகாகோவின் கூஸ் ஐலண்டுக்கும் இதற்கும் உறவில்லை). கலந்ததை கார்க் அடித்துக் கிடத்திவிடுவார்கள்; இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையைக் கொடுக்கும். இன்று காய்ச்சியதற்கு நாலாம் வருடம்தான் காசு. எந்தப் பீப்பாய் எப்படித் திரும்பும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஷாம்பெயினின் சாதாரண வகைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஓய்வே 15 மாதம்தான். அதற்கு அள்ளிக் கொடுப்பவர்கள் கூஸ் பாட்டிலின் விலையைப் பார்த்து மூக்கில் விரல் வைப்பது வேடிக்கை.

அந்தத் தொழிலின் அபாயத்துக்கு ஒரு சாட்சி. பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே பேர்செல் ஊரில் '3 ஃபோன்டெய்னென்' என்ற ஆலை. அதை நடத்தியவர் அர்மாண்ட் டெபெல்டர்; 2022-ல் காலமானார். 2009 மே மாதம் அவரது கிடங்கில் ஒரு தெர்மோஸ்டாட் பழுதானது. அடைத்த பாட்டில்கள் மிதமான சூட்டில் நொதிக்க வேண்டிய அறையில் வெப்பம் 60 டிகிரிக்கு மேல் ஏறியது. பாட்டில்கள் வெடித்தன, வெடிக்காதவை வெந்துபோயின. 80,000-க்கும் மேல் நாசம். பல வருட லாம்பிக் ஒரே வாரக்கடைசியில் போயிற்று. சிறு கருவி ஒன்றின் கோளாறு ஆலையையே மூடும் நிலைக்குக் கொண்டுவந்தது. மீதியிருந்த பாட்டில்களை ஆர்வலர்கள் வந்து ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்ற, அதைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கி விற்றுத்தான் அவர் எழுந்தார். கூஸ் பாட்டிலின் விலையில் ஒரு பங்கு இந்த மாதிரி ஒரு இரவுக்கான காப்பீடு என்று எண்ணிக்கொண்டு கொடுங்கள்.

ஆனால் அந்தப் பங்கு ஆலைக்குப் போக வேண்டும் அல்லவா? இங்கேதான் உங்களில் சிலர் மீது நேரடியாகவே வருத்தம். வாங்கி, குடிக்காமல், இரண்டு மூன்று மடங்குக்குக் கைமாற்றும் கூட்டம் ஒன்று உண்டு. ஈபேயில் இதை ஒரு தந்திரத்தோடு செய்தார்கள்: 'உள்ளே இருக்கும் பீருக்கு விலை இல்லை, பாட்டில் மட்டுமே சேகரிப்புப் பொருள்' என்று எழுதி, முழு பாட்டிலை ஏலம் விட்டார்கள். கண்ணாடிக்குத்தான் காசு என்று வாங்கினவர்களே கையெழுத்துப் போட்டதுபோல ஆயிற்று. 2012-ல் ஈபே அதை நிறுத்தியது. கான்டிலான் வேறு வழி கண்டது. 'ஸ்வான்ஸே' என்ற அதன் விளையாட்டுத்தனமான பீரின் பாட்டில்கள் கள்ளவிலைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, 2011 முதல் அதைக் கெக்கில் அனுப்பி, உலகெங்கும் தேர்ந்தெடுத்த பார்களில் ஒரே நாளில் திறக்கவைத்தது. டம்ளரில் இருக்கும் பீரை யாரும் ஏலம் விட முடியாது.

இதே மல்லுக்கட்டை நடத்திய துறவிகளும் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில் செயின்ட் சிக்ஸ்டஸ் மடம், 1830களிலிருந்து பீர் காய்ச்சுகிறது. அங்கே தயாராகும் வெஸ்ட்ஃப்ளெடரன் 12, 10.2 சதவீத ஆல்கஹால், மஞ்சள் மூடி. பல பத்தாண்டுகள் அதில் லேபிள்கூட இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மூடியிலேயே அச்சிட்டார்கள். 2005-ல் ஓர் இணையத் தரவரிசை அதை உலகின் சிறந்த பீர் என்று அறிவித்ததும் கிராமத்துச் சாலையில் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. துறவிகள் விலையை ஏற்றவில்லை. உற்பத்தியையும் ஏற்றவில்லை. தொலைபேசியில் முன்பதிவு, காரின் நம்பர் பிளேட் பதிவு, மறுவிற்பனை செய்யமாட்டேன் என்ற உறுதி என்று ரேஷன் கடை மாதிரி ஓர் ஏற்பாடு செய்தார்கள். 2019-ல் அது இணையத்துக்கு மாறியது.

2018-ல் நெதர்லாந்தின் யான் லிண்டர்ஸ் சூப்பர் மார்க்கெட் எப்படியோ சில நூறு பெட்டிகளைச் சேர்த்து, மடத்து வாசலில் 2 யூரோவுக்கும் கீழே கிடைத்த பாட்டிலை 10 யூரோவை ஒட்டி விற்றது. மடம் கோபித்துக்கொண்டது. இதே துறவிகள் ஒரு முறை தாங்களே வெளியே விற்றிருக்கிறார்கள், மடத்தின் கட்டட வேலைக்காக. 2012 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவில் ஆறு பாட்டிலும் இரண்டு கிளாஸும் 84 டாலர் 99 சென்ட். கூரைக்கும் சுவருக்கும் பணம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றார்கள். விலைக்குக் காரணம் சொல்லும் விதத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

நேர்மாறான உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. கார்ல்ஸ்பெர்க் 2008-ல் ஒரு பீரை 2008 குரோனருக்கு விற்றது. காலண்டரைப் பார்த்து விலை வைத்தால் அடுத்த வருடம் ஒரு குரோனர் ஏறும் என்பதைத் தவிர அதில் வாதம் எதுவும் தெரியவில்லை. ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் 2010-ல் 55 சதவீத ஆல்கஹாலில் 12 பாட்டில் செய்து, செத்த அணிலுக்கும் கீரி மாதிரியான ஒரு பிராணிக்கும் பஞ்சடைத்து, அவற்றின் வாய்வழியே பாட்டில் கழுத்து தெரியும்படி வைத்தது. விலை 500 பவுண்டு, 700 பவுண்டு. மெழுகே மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது பணத்தைவிட வயிற்றெரிச்சல். ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐபிஏ வகை பாட்டிலை வாங்கிப் பத்திரப்படுத்துகிறீர்கள். கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை தன் 'பிளைனி தி எல்டர்' பாட்டிலின் லேபிளிலேயே புதிதாகக் குடி, எடுத்துவைக்காதே என்று விதவிதமாகக் கெஞ்சுகிறது. சான் டியேகோ பக்கத்து ஸ்டோன் ஆலை 2012-ல், 'இந்தத் தேதிக்குள் குடி' என்பதையே பீரின் பெயராக வைத்தது. ஹாப்ஸின் மணம் வாரக் கணக்கில் இறங்கும். பிறகு ஆக்சிஜன் வேலை செய்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். இரண்டு வருடம் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்த ஐபிஏயை ஒருவர் மகளின் பிறந்த நாளுக்குத் திறந்தார். வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் கேக்கைப் புகழ்ந்தார்கள். மல்லிகைப்பூவை வாங்கி லாக்கரில் வைப்பார்களா?

1970களின் கடைசியில் அமெரிக்கா முழுவதிலும் நூறுக்கும் குறைவான பீர் ஆலைகளே இருந்தன. இன்று 9,000-க்கும் மேல். இத்தனை பேர் காய்ச்சும் நாட்டில் பற்றாக்குறை என்பது பெரும்பாலும் யாரோ திட்டமிட்டு உண்டாக்குவது. அதனால் அடுத்த முறை அலமாரி முன்னால் நிற்கும்போது செல்போனில் தரவரிசையைப் பார்க்கும் நேரத்தில், கால்குலேட்டரைத் திறந்து லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துவிடுங்கள். கடைக்காரரிடம், 'இது எத்தனை மாசம் பீப்பாயில கிடந்துச்சு?' என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பாட்டிலில் தேதி தேடுங்கள். அடைத்த தேதியே இல்லாத ஐபிஏயை எடுத்த இடத்தில் வையுங்கள்.

இந்த டிசம்பரில் ஊருக்கு வருபவர்களுக்கு ஒரு கடைசிக் கணக்கு. இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் மதுவுக்கு வரியில்லை. பாம்பர் வைத்தால் மூன்று, 1,950 மில்லி. கச்சிதமாக இருக்கிறதே என்று தோன்றும், தோன்ற வேண்டாம். 750 மில்லி கூஸ் இரண்டு வையுங்கள், 1,500. மடத்து மஞ்சள் மூடி ஒன்று, 330. இன்னும் 170 மில்லி மிச்சம் இருக்கிறதே என்று எதையாவது தேட வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒரு வேட்டியைச் சுருட்டி அடைத்தால் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் வந்து சேரும்.

அன்புடன்,
விலை அட்டையைத் திருப்பிப் பார்க்கும் கட்சிக்காரர்